மூன்று தடவை வென்ற பின்னரே கிடைத்த ஆசனம்: ஜூலியன் பொண்டின் அரசியல் வாழ்வு

1983 ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள். நான் அப்போது பத்து வயதுச் சிறுவன். வடமராட்சியில் எங்கள் வீட்டு விறாந்தையில் அப்பா வானொலிச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். ஆறாவது திருத்தத்தின் கீழான சத்தியப்பிரமாணத்தைச் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் பாராளுமன்ற ஆசனங்களை இழந்துவிட்டார்கள் என்பதுதான் செய்தி. அப்பா வானொலியை நிறுத்திவிட்டுப் பேசாமல் இருந்தார். உள்ளேயிருந்து வந்த அப்பாச்சி மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப நாங்கள் போட்ட வோட்டு எங்க போனது, தம்பி?"

அப்பாவிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை. எங்கள் பகுதிக்கு அதன் பிறகு 1989 பொதுத்தேர்தல் வரை பாராளுமன்றத்தில் ஒரு பிரதிநிதி இருக்கவில்லை. அந்தக் கேள்வி என்னோடு இடம்பெயர்ந்து, முகாம் வாழ்ந்து, திரும்பவும் ஊருக்கு வந்தது. பல வருடங்களுக்குப் பின்னர் நண்பர் ஒருவர் வாசிக்கத் தந்த அமெரிக்கத் தீர்ப்பு ஒன்றில், ஏறத்தாழ அதே கேள்விக்கு ஒரு நீதிமன்றம் பதில் எழுதியிருப்பதைக் கண்டேன். வழக்கின் பெயர் 'பொண்ட் எதிர் புளோய்ட்'. வழக்குத் தொடுத்தவர் ஜோர்ஜியா மாநிலச் சட்டசபைக்குத் தெரிவான ஜூலியன் பொண்ட். போர் பிழை என்று சொன்னதற்காக ஆசனம் மறுக்கப்பட்டவர். எங்கள் வாசகர்கள் அதிகம் அறியாத அவரது வாழ்க்கையை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

அடிமையின் பேரன்

ஜூலியன் பொண்ட் 1940 ஜனவரி 14 ஆம் திகதி டெனசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் பிறந்தார். அவரது பாட்டனார் ஜேம்ஸ் பொண்ட் அடிமையாகப் பிறந்தவர். பின்னர் கல்வி கற்று மதபோதகர் ஆனார். தந்தை ஹொறஸ் மான் பொண்ட் கல்விமான். பென்சில்வேனியாவில் உள்ள லிங்கன் பல்கலைக்கழகத்தின் முதலாவது கறுப்பினத் தலைவர். தாயார் நூலகர். அடிமைத்தனத்திலிருந்து பல்கலைக்கழகத் தலைமைக்கு இரண்டு தலைமுறையில் வந்த குடும்பம் அது. எங்கள் ஊர்களில் கல்வியை ஒரு சொத்தாக நினைத்த குடும்பங்களை அறிந்தவர்களுக்கு இந்த வீட்டின் சூழலை ஊகிப்பது கடினமல்ல.

சிறுவன் ஜூலியன் குவேக்கர் சமயத்தவர் நடத்திய ஜோர்ஜ் பாடசாலையில் படித்தார். போரை எந்த நிலையிலும் ஏற்காதது குவேக்கர் மரபு. பிற்காலத்தில் தன்னை ஒரு சமாதானவாதி என்று அவர் சொன்னபோது அது அன்றைய பரபரப்புக்காகச் சொன்னதல்ல என்பதை இது விளக்குகிறது.

1957 இல் அவர் அட்லாண்டாவின் மோர்ஹவுஸ் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே மார்ட்டின் லூதர் கிங் நடத்திய மெய்யியல் வகுப்பில் இருந்த சிலரில் இவரும் ஒருவர். ஆனால் அவரை அரசியலுக்கு இழுத்தது வகுப்பறை அல்ல, உணவுச்சாலை. 1960 மார்ச் மாதம் அட்லாண்டாவின் கறுப்பின மாணவர்கள் மனித உரிமைகளுக்கான வேண்டுகோள் ஒன்றைப் பத்திரிகைகளில் வெளியிட்டார்கள். சில நாட்களில், வெள்ளையருக்கு மட்டும் என ஒதுக்கப்பட்டிருந்த உணவுச்சாலைகளில் போய் உட்கார்ந்தார்கள். பொண்ட் ஒரு குழுவோடு நகரசபைக் கட்டடத்தின் உணவுச்சாலைக்குச் சென்று கைதானார். அதற்கு அடுத்த மாதம் தென் மாநிலங்களின் மாணவர்கள் கூடி 'மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழு'வை அமைத்தார்கள். பொண்ட் படிப்பை இடைநிறுத்திவிட்டு அதன் ஊடகப் பொறுப்பாளரானார்.

அந்த வேலையின் தன்மையைப் புரிந்துகொள்வது முக்கியம். மிசிசிப்பி, அலபாமாக் கிராமங்களில் ஒருவர் வாக்காளராகப் பதியப் போனதற்காகத் தாக்கப்பட்டால், உள்ளூர்ப் பத்திரிகை அதை எழுதாது. நடந்ததை உறுதிப்படுத்தி, அறிக்கையாக்கி, நாட்டின் பெரிய ஊடகங்களுக்கு அனுப்புவதே பொண்டின் வேலை. செய்தி வெளியே போகாத இடத்தில் கொலைக்குத் துணிச்சல் கூடும் என்பதை எங்களைவிட யார் அறிவார்?

சட்டசபைக் கதவு திறந்த விதம்

பொண்ட் தேர்தலில் நின்றதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஜோர்ஜியா மாநிலத்தில் 159 மாவட்டங்கள். சட்டசபையின் கீழ்ச்சபையில் 205 ஆசனங்கள். எட்டுப் பெரிய மாவட்டங்களுக்கு மும்மூன்று ஆசனங்கள், அடுத்த 30 மாவட்டங்களுக்கு இவ்விரண்டு, மிகுதி 121 மாவட்டங்களுக்கு ஒவ்வொன்று என்பதே பழைய ஏற்பாடு. அதாவது அட்லாண்டா நகரை உள்ளடக்கிய, பல இலட்சம் பேர் வாழும் புல்டன் மாவட்டத்துக்கு மூன்றே மூன்று ஆசனங்கள். சில ஆயிரம் பேர் வாழும் கிராமப்புற மாவட்டத்துக்கும் ஒன்று. நகரத்தில் செறிந்து வாழ்ந்த கறுப்பின மக்களின் வாக்குக்குப் பெறுமதியே இல்லாமல் செய்யும் தந்திரம் இது.

ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற அடிப்படையில் மாநிலச் சட்டசபைகள் அமைய வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1964 இல் தீர்ப்பளித்தது. அதன்படி தொகுதிகள் திருத்தப்பட்டு, 1965 ஜூன் மாதம் ஜோர்ஜியாவில் விசேட தேர்தல் நடந்தது. 25 வயதுப் பொண்ட் அட்லாண்டாவின் 136 ஆம் தொகுதியில் போட்டியிட்டார். வீடு வீடாகச் சென்று, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டே தனது கொள்கைப் பட்டியலைத் தயாரித்தார். குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 2 டொலர் என்பது அதில் ஒன்று. பெரும் வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

ஜோர்ஜியாவில் கறுப்பின உறுப்பினர்களுக்கு ஒரு கசப்பான முன்கதை உண்டு. உள்நாட்டுப் போரில் அடிமை முறை ஒழிந்த பின்னர், 1868 இல் அங்கே கறுப்பின உறுப்பினர்கள் முதன்முதலாகத் தெரிவானார்கள். அதே ஆண்டு, கறுப்பர் என்ற ஒரே காரணத்துக்காக வெள்ளைப் பெரும்பான்மை அவர்களைச் சபையிலிருந்து வெளியேற்றியது. அமெரிக்க மத்திய அரசு தலையிட்ட பிறகு 1870 இல்தான் அவர்கள் திரும்ப முடிந்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து அதே சபை அதே வேலையை இன்னொரு காரணம் சொல்லிச் செய்தது.

ஓர் அறிக்கை, ஒரு பேட்டி

1966 ஜனவரி 3 ஆம் திகதி அலபாமாவின் டஸ்கீகி நகரில் சாம்மி யங் என்ற கறுப்பின மாணவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றித் திரும்பியவர் அவர். பெற்றோல் நிலையம் ஒன்றில் வெள்ளையருக்கான மலசலகூடத்தைப் பயன்படுத்த முயன்றதே அவர் செய்த 'குற்றம்'. மூன்று நாட்களின் பின்னர் மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழு வியட்நாம் போரைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டது. சொந்த நாட்டில் தன் குடிமக்களைக் காக்காத அரசு, வியட்நாமியரின் சுதந்திரத்துக்காகப் போரிடுவதாகச் சொல்வது பொய் என்றது அறிக்கை. கட்டாய இராணுவ சேவைக்குப் போக மறுப்பவர்களுக்கு அனுதாபமும் ஆதரவும் தெரிவித்தது.

அறிக்கையைப் பொண்ட் எழுதவில்லை. ஆனால் உள்ளூர் வானொலி ஒன்றின் செய்தியாளர் கேட்டபோது, அதை ஏற்றுக்கொள்கிறேன் என்று தயங்காமல் சொன்னார். தான் ஒரு சமாதானவாதி என்றார். இராணுவ சேவை அட்டைகளை எரிப்பவர்களின் துணிவை மதிப்பதாகவும் சொன்னார். தன்னுடைய அட்டையை எரிக்கவில்லை, மற்றவர்களை எரிக்கச் சொல்லவுமில்லை என்பதையும் அவர் தெளிவுபடுத்தினார்.

சபை கூடுவதற்குள் அவருக்கு எதிராக 75 உறுப்பினர்கள் மனுக்களில் கையெழுத்திட்டார்கள். எதிரிக்கு உதவியும் ஊக்கமும் அளித்தார், அரசியலமைப்பைப் பாதுகாப்பேன் என்ற சத்தியப்பிரமாணத்தை இவர் மனமறிந்து செய்ய முடியாது என்பவையே குற்றச்சாட்டுகள். ஜனவரி 10 ஆம் திகதி மற்ற உறுப்பினர்கள் எல்லோரும் பதவியேற்றார்கள். பொண்டை மட்டும் தனியே நிறுத்தினார்கள். சத்தியம் செய்யத் தயார் என்று அவர் சொல்லியும் பயனில்லை. அன்றே விசாரணை, அன்றே வாக்கெடுப்பு. 184 பேர் வெளியேற்றச் சொன்னார்கள். 12 பேர் மட்டுமே எதிர்த்தார்கள்.

அவரது விசுவாசத்தைச் சந்தேகித்த அந்த மாநிலத்தின் கொடியில், அமெரிக்க ஒன்றியத்திலிருந்து பிரிந்து போரிட்ட கூட்டமைப்பின் சின்னம் அப்போது பொறிக்கப்பட்டிருந்தது. 1956 இல்தான் அந்தச் சின்னத்தை மாநிலம் கொடியில் சேர்த்தது. பிரிந்துபோகப் போரிட்டவர்களைக் கொண்டாடுவது அங்கே துரோகமாகப்படவில்லை. போர் வேண்டாம் என்பதுதான் துரோகமாகப்பட்டது.

மூன்று தேர்தல்களும் ஒரு தீர்ப்பும்

மார்ட்டின் லூதர் கிங் சட்டசபைக் கட்டடம் நோக்கி ஊர்வலம் நடத்தினார். பொண்டின் தொகுதியில் வசித்த வாக்காளர் என்ற முறையில் அவரும் வழக்கில் ஒரு மனுதாரராகச் சேர்ந்துகொண்டார். பாதிக்கப்பட்டது பொண்ட் மாத்திரமல்ல, அவருக்கு வாக்களித்தவர்களும்தான் என்பதே இதன் பொருள். இந்த இடத்தை வாசித்தபோதுதான் எனக்கு அப்பாச்சியின் நினைவு வந்தது.

முதற்கட்ட நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள். இருவர் சபைக்குச் சார்பாகவும் ஒருவர் பொண்டுக்குச் சார்பாகவும் நின்றார்கள். சார்பாக நின்றவர் எல்பேர்ட் டட்டில். எதிராக நின்ற இருவரில் ஒருவரான கிரிபின் பெல், பின்னாளில் ஜனாதிபதி கார்ட்டரின் சட்டமா அதிபர் ஆனார்.

இதற்கிடையில் சபை ஆசனம் வெற்றிடமானதாக அறிவிக்கப்பட்டு, பெப்ரவரியில் இடைத்தேர்தல் நடந்தது. தொகுதி மக்கள் மீண்டும் பொண்டையே அனுப்பினார்கள். சபையின் குழு அவரது அறிக்கையை மீளப்பெறும்படி கேட்டது. அவர் மறுத்தார். ஆசனம் மீண்டும் மறுக்கப்பட்டது. நவம்பரில் பொதுத்தேர்தல். மூன்றாவது தடவையும் அவரே வென்றார். வேறொருவரை அனுப்பியிருந்தால் அந்த மக்களுக்குச் சபையில் ஒரு குரலாவது உடனே கிடைத்திருக்கும். குரல் இல்லாமல் இருப்பதையே அவர்கள் தெரிந்தெடுத்தார்கள். தங்களுக்குப் பிரதிநிதி யார் என்பதைச் சபையின் மற்ற உறுப்பினர்கள் முடிவுசெய்ய விடவில்லை.

1966 டிசம்பர் 5 ஆம் திகதி உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. எழுதியவர் பிரதம நீதியரசர் ஏர்ல் வோரன். தீர்ப்பின் தர்க்கத்தை எளிதாகச் சொல்கிறேன்.

முதலாவது, சத்தியப்பிரமாணம் கேட்பது தவறல்ல. ஆனால் சத்தியம் செய்யத் தயாராக நிற்பவரின் மனதுக்குள் புகுந்து, இவர் உண்மையாகச் செய்கிறாரா என்று பெரும்பான்மை உறுப்பினர்கள் தீர்மானிக்க முடியாது. அப்படி அனுமதித்தால், பெரும்பான்மைக்குப் பிடிக்காத எந்தக் கருத்தையும் சத்தியம் என்ற போர்வையில் அடக்கிவிடலாம்.

இரண்டாவது, பொண்ட் சொன்ன சொற்களுக்காக ஒரு சாதாரண குடிமகனைத் தண்டிக்க முடியாது என்பதை மாநிலமே ஏற்றுக்கொண்டது. ஆனால் மக்கள் பிரதிநிதிக்கு இன்னும் கடுமையான அளவுகோல் வேண்டும் என்று அது வாதிட்டது. நீதிமன்றம் இதைத் தலைகீழாக்கியது. பொது விடயங்களில் கருத்துச் சொல்ல மிகப் பரந்த சுதந்திரம் வேண்டியவர் மக்கள் பிரதிநிதியே என்றது. அப்போதுதான் வாக்காளர்கள் தங்கள் பிரதிநிதியின் நிலைப்பாட்டை அறிந்து, அவரை மதிப்பிட முடியும்.

மூன்றாவது, அவரது பேச்சு சட்டத்தை மீறத் தூண்டியதாகக் கொள்ள முடியாது. எரியுங்கள் என்று அவர் எவருக்கும் சொல்லவில்லை.

1967 ஜனவரியில், முதலாவது வெற்றிக்கு ஒன்றரை வருடத்துக்குப் பின்னர், பொண்ட் ஆசனத்தில் அமர்ந்தார். அந்த ஆண்டிலேயே வியட்நாம் போரைச் சாதாரண மக்களுக்கு விளக்கும் சித்திரக் கதைப் புத்தகம் ஒன்றை எழுதி வெளியிட்டார். மன்னிப்பும் கேட்கவில்லை, மௌனமும் ஆகவில்லை.

இருபது வருடச் சட்டசபை வாழ்வு

1968 இல் சிக்காகோவில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்கு, இனப்பாகுபாட்டை ஆதரித்த ஆளுநர் லெஸ்டர் மடொக்ஸின் தரப்பு தெரிவுசெய்த ஜோர்ஜியாக் குழுவுக்குப் போட்டியாக இன்னொரு குழுவோடு பொண்ட் சென்றார். மாநாடு ஆசனங்களை இரு தரப்புக்கும் பகிர்ந்தளித்தது. அதே மாநாட்டில் துணை ஜனாதிபதி வேட்பாளராக அவரது பெயர் முன்மொழியப்பட்டது. பெரிய கட்சியொன்றின் மாநாட்டில் அந்தப் பதவிக்கு ஒரு கறுப்பினத்தவர் பெயர் முன்மொழியப்பட்டது அதுவே முதல் தடவை. அவருக்கு வயது 28. சட்டப்படி 35 ஆக வேண்டும். சிரித்துக்கொண்டே பெயரை விலக்கிக்கொண்டார்.

1971 இல், இடைநிறுத்திய பட்டப்படிப்பை முடித்தார். அதே ஆண்டு வறியவர்களுக்கும் இனவெறியால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் வழக்காடும் 'தென்பகுதி வறுமைச் சட்ட மையம்' தொடங்கப்பட்டபோது அதன் முதலாவது தலைவரானார். 1975 இல் மாநிலத்தின் மேல்சபையான செனட்டுக்குச் சென்று 1987 வரை இருந்தார்.

அவர் மீது ஒரு விமர்சனம் உண்டு. நாடு முழுவதும் உரையாற்றப் போய்விடுவார், சட்டசபையின் அன்றாட வேலைகளில், பேரம் பேசுவதில், நட்புச் சேர்ப்பதில் ஆர்வம் குறைவு என்பார்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. 184 பேர் சேர்ந்து வெளியேற்றிய ஒருவருக்கு அந்தச் சபையில் நட்புக் கிடைப்பது எவ்வளவு கடினம் என்பதையும் சேர்த்தே எடை போட வேண்டும்.

அவர் ஊன்றி உழைத்த விடயம் தொகுதி எல்லை. 1980 குடிசன மதிப்பீட்டுக்குப் பின்னர், அட்லாண்டாவின் கறுப்பின மக்கள் சிதறடிக்கப்படாமல், அவர்கள் பெரும்பான்மையாக இருக்கும் ஒரு கொங்கிரஸ் தொகுதி வேண்டும் என்று செனட்டில் போராடினார். மாநிலம் முதலில் வரைந்த வரைபடம் இனப்பாகுபாட்டு நோக்கம் கொண்டது என்று 1982 இல் நீதிமன்றம் நிராகரித்தது. பொண்ட் கேட்டதுபோல் ஐந்தாவது தொகுதி கறுப்பினப் பெரும்பான்மைத் தொகுதியானது. எல்லைக் கோட்டை நகர்த்தி ஒரு மக்களைச் சிறுபான்மையாக்கும் வித்தை எங்களுக்குப் புதிதல்ல என்பதால், இதை அவரது சட்டசபை வாழ்வின் ஆகப் பெரிய வேலையாக நான் கருதுகிறேன்.

நண்பனிடம் தோற்ற தேர்தல்

1986 இல் அந்தத் தொகுதியில் கொங்கிரஸுக்குப் பொண்ட் போட்டியிட்டார். எதிரே நின்றவர் ஜோன் லூயிஸ். 1960 களில் மாணவர் குழுவின் தலைவராக இருந்தவர். செல்மா பாலத்தில் மண்டை உடைபட்டவர். பொண்டின் நெருங்கிய நண்பர். முதற்சுற்றில் பொண்ட் முன்னிலை பெற்றார். ஆனால் பாதிக்கு மேல் எடுக்கவில்லை. இரண்டாவது சுற்றுக்கான விவாதங்களில், போதைப்பொருள் பரிசோதனைக்கு வரத் தயாரா என்று லூயிஸ் பொண்டிடம் சவால் விட்டார். பொண்ட் மறுத்தார். ஒருகாலத்தில் ஒரே அணியில் அடி வாங்கியவர்கள் மேடையில் ஒருவரையொருவர் குத்திக்கொண்டார்கள்.

கறுப்பின வாக்குகளில் பெரும்பகுதி பொண்டுக்கே போனது. வெள்ளையரின் வாக்குகள் லூயிஸைச் சற்று மேலே தூக்கின. 52 க்கு 48 என்ற வீதத்தில் லூயிஸ் வென்று, 2020 இல் இறக்கும் வரை அந்த ஆசனத்தில் இருந்தார். தான் போராடிப் பெற்ற தொகுதியில் பொண்டுக்கு இடமிருக்கவில்லை. அவரது தேர்தல் அரசியலும் அத்தோடு முடிந்தது.

ஒரே போராட்டத்திலிருந்து வந்தவர்கள் ஒரே ஆசனத்துக்கு மோதுவதன் வலியை எங்கள் ஒவ்வொரு தேர்தலிலும் காண்கிறோம். பொண்டிடம் நான் கற்றது தோல்விக்குப் பிறகு அவர் நடந்த விதத்தை. அவர் வகுப்பறைக்குப் போனார். அமெரிக்கன் பல்கலைக்கழகத்திலும் வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்திலும் குடியுரிமைப் போராட்ட வரலாற்றைக் கற்பித்தார். அந்த வரலாற்றைச் சொல்லும் 'ஐஸ் ஒன் த பிறைஸ்' என்ற தொலைக்காட்சி ஆவணத் தொடருக்குக் குரல் கொடுத்தார். சாட்சியே ஆசிரியராகவும் ஆனார். 1998 முதல் 2010 வரை அமெரிக்காவின் பழம்பெரும் கறுப்பின உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் தலைவராக இருந்தார். தனது சமூகத்துக்குள்ளேயே பலர் எதிர்த்த காலத்தில், ஒருபால் திருமண உரிமையை ஆதரித்துப் பேசினார்.

2015 ஓகஸ்ட் 15 ஆம் திகதி, 75 ஆவது வயதில், புளோரிடாவில் காலமானார். அவரது சாம்பல் மெக்சிக்கோ வளைகுடாவில் கரைக்கப்பட்டது. அந்த நேரத்தில் அவரவர் ஊரின் நீர்நிலைக்குப் போய்ப் பூவிதழ்களைத் தூவுங்கள் என்று குடும்பத்தினர் கேட்டுக்கொண்டார்கள். மே மாதத்தில் கடலில் பூப்போடுகிற எங்களுக்கு அதை விளக்கவேண்டிய அவசியமில்லை.

ஆசனம் யாருடையது?

பொண்டின் கதையும் எங்களுடையதும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. அவர் சத்தியம் செய்யத் தயாராக நின்றார், சபை மறுத்தது. 1983 இல் எங்கள் உறுப்பினர்கள், தங்களுக்கு வாக்களித்தவர்களின் ஆணைக்கு எதிரான சத்தியத்தைச் செய்ய மறுத்தார்கள். அவருக்கு ஒரு வருடத்துக்குள் நீதிமன்றம் கைகொடுத்தது. இங்கே சமஷ்டி கேட்பது பிரிவினை ஆகாது என்று எங்கள் நாட்டின் உயர் நீதிமன்றம் சொல்வதற்கு 2017 ஓகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆனால் இரண்டுக்கும் அடியில் கிடப்பது ஒரே கேள்வி. ஆசனம் யாருக்குச் சொந்தம்? சபையின் பெரும்பான்மைக்கா, அமர்ந்திருப்பவருக்கா, அனுப்பியவர்களுக்கா? 136 ஆம் தொகுதி மக்கள் தங்கள் பதிலை மூன்று தடவை வாக்குப் பெட்டியில் போட்டார்கள். நீதிமன்றம் அதன் பிறகுதான் பேசியது.

அப்பாச்சிக்கு அந்த இரண்டாவது, மூன்றாவது தடவை கிடைக்கவில்லை. அவர் 1987 இல் இடம்பெயர்ந்திருந்த இடத்தில் காலமானார். பாராளுமன்றத்துக்கென்று அவர் போட்ட கடைசி வோட்டு, 1977 இல் போட்டதுதான்.